கடைசி ஆள் உள்ளே வரும்வரை

மலைப்பூங்காவின் வாசலில் அக்காவும் தம்பியும் வந்து இறங்கியபோது பளீரென்று வெயில். குளிர்காலத்தில் வானிலை எந்நேரமும் மாறும் என்று எழுதியிருந்த பலகையைத் தம்பி இரண்டு தடவை படித்தான்.

"இன்னொரு நாள் வரலாம்க்கா."

"இதுக்கா லீவு போட்டு வந்தோம்? பேசாம வாடா."

காய்ச்சலில் கிடந்து எழுந்தவன். 'நான் பாத்துக்கறேன்' என்று அம்மாவிடம் அடித்துப் பேசி இழுத்துவந்தவளே அவள்தான். அக்கா ஒன்று நினைத்துவிட்டால் பிரம்மா வந்தாலும் மாற்ற முடியாது.

வழிகாட்டி ஒரு நீளக் கயிற்றை எடுத்தார். முன்னால் அவர், நடுவில் அக்கா, பின்னால் தம்பி. மூவர் இடுப்பிலும் முடிச்சு.

"இந்த வானம் மாமியார் சிரிப்பு மாதிரிங்க, நம்பக் கூடாது. மூடிக்கிச்சுன்னா கயிறுதான் கண்ணு. நீங்க ரெண்டு தடவ இழுங்க, தம்பி திருப்பி ரெண்டு தடவ இழுப்பாரு. மேல கொட்டகைக்குப் போனாலும், கடைசி ஆளு உள்ள வர்ற வரைக்கும் நீங்க முடிச்ச அவுக்கக் கூடாது."

நண்பகலுக்குள் பனிப்புயல் மூடிக்கொண்டது. இருட்டு இல்லை, அதைவிட மோசம். எங்கு பார்த்தாலும் வெள்ளை. நீட்டிய கை தெரியவில்லை. காற்றின் இரைச்சலில் கூப்பிட்ட குரல் வாயிலேயே நின்றது.

அவள் இழுத்தாள். பின்னாலிருந்து இரண்டு இழுப்பு வந்தது.

ஒவ்வொரு தடவையும் பதில் வரும்வரை அவள் உயிர் அவளிடம் இல்லை. இவனுக்கு ஒன்று ஆனால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

ஒருவழியாகக் கொட்டகை வந்தது. வழிகாட்டி தன் முடிச்சை மட்டும் அவிழ்த்து, அடுப்பு மூட்ட உள்ளறைக்குப் போனார். அவள் வாசலில் நின்று கயிற்றைப் பிடித்திருந்தாள்.

"அக்கா."

குரல் வெளியிலிருந்து வரவில்லை. சுவரோரப் பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான்.

"நீ எப்படிடா முன்னாடி வந்த?"

"முடிச்சு அவுந்துடுச்சு. குறுக்கால ஓடி வந்துட்டேன்."

பிழைத்தான் என்ற நிம்மதியில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கயிறு இழுபட்டது.

இரண்டு தடவை.

"அப்ப... அந்தப் பக்கம் யாருடா?"

"தெரியல," என்று அவன் கிசுகிசுத்தான். "உள்ள விட்டுடாதக்கா. சீக்கிரம் அவுத்துடு."

அவள் முடிச்சை அவிழ்த்தாள். கயிறு வாசற்படியைத் தாண்டி வெள்ளைக்குள் சரசரவென்று ஓடி மறைந்தது.

வெளியே, வெகு கிட்டத்தில், யாரோ சரிந்து விழும் சத்தம்.

"அக்கா... ஏன்க்கா விட்ட?" வெளியிலிருந்து தம்பியின் குரல்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் இருந்தவன் காலணியில் ஒரு பொட்டுப் பனி இல்லை.

வழிகாட்டி ஓடிவந்தார். கயிறில்லாத அவள் இடுப்பைப் பார்த்தார்.

"தம்பி எங்கங்க?"

அவள் பெஞ்சைக் காட்டினாள். அவர் பெஞ்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பனிக்குள் பாய்ந்தார்.

அவளும் வாசற்படியைத் தாண்டக் காலெடுத்தாள்.

"கதவ சாத்துக்கா," என்றது பெஞ்சில் இருந்த உருவம். "இனிமே நான்தான் உன் தம்பி."