கூடாரத்துக்கு முன்னால் ஒரு வரிசை

ஓவியாவின் அப்பா லீவைப் பார்த்துத்தான் கூடாரம் புக் செய்திருந்தார். வானத்தைப் பார்க்கவில்லை. அன்று பௌர்ணமி என்பதை அவருக்குச் சொன்னவர், திருவண்ணாமலைக்கு வெளியே தடுப்புப் போட்டு நின்ற போலீஸ்காரர்தான்.

"கிரிவலப் பாதையில இன்னிக்கு வண்டி போகாது சார். இன்னிக்கு பௌர்ணமினு தெரியாதா?"

அப்பா புகழேந்தி திருதிருவென்று விழித்தார்.

"டயரைப் பார்த்தீங்க, ஆயிலைப் பார்த்தீங்க, ஸ்டெப்னியைக்கூட பார்த்தீங்க" என்றார் அம்மா அன்புச்செல்வி. "காலண்டரை மட்டும் பார்க்கலை."

பின் சீட்டில் பத்து வயது ஓவியாவும் ஆறு வயது மாறனும் குதித்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ் தடுப்பெல்லாம் அவர்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. தாம்பரத்திலிருந்து நாலு நாள் கார்ப் பயணம்! காலையில் செஞ்சிக் கோட்டை ஏறியாகிவிட்டது. நாளை சாத்தனூர் அணை. அதற்கு அடுத்த நாள் ஏற்காடு. நடுவில் இன்று ராத்திரி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கூடாரத்தில் தூக்கம். இரண்டு பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்பா கூடாரக்காரருக்குப் போன் செய்தார். "வெளியால சுத்தி காஞ்சி ரோட்டுக்கு வந்துடுங்க சார். நான் பைக்ல நிக்கிறேன்" என்றது அந்தப் பக்கம்.

சொன்னபடியே அருணகிரி நின்றார். அவருடைய பைக் முன்னால் போக, கார் அதன் பின்னால் ஒரு மண் வழியில் குலுங்கிக் குலுங்கிப் போனது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் மாறன் "ஹே!" என்று கத்தினான். இரண்டு பக்கமும் குட்டைக் குட்டையாகச் செடிகள். அதைத் தாண்டினால் அண்ணாமலை, கார்க் கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது.

அடி அண்ணாமலையில் ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு பம்ப்செட் ரூம், வேப்பமரத்தடியில் நான்கு ஆரஞ்சு நிறக் கூடாரங்கள். அவ்வளவுதான் அந்த இடம். கார் நிற்பதற்குள் அருணகிரியின் மகள் ஓடி வந்து கதவைத் திறந்தாள்.

"வாங்க, வாங்க! நான் கவியா. இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கோம். நேத்து வரைக்கும் இது மல்லாட்டைக் கொல்லை!"

"மல்லாட்டைனா?" என்றான் மாறன்.

கவியா ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினாள். வேரில் கொத்துக் கொத்தாக வேர்க்கடலை. மாறன் பச்சையாகவே நாலைத் தின்றுவிட்டு, அன்றைய பயணத்திலேயே இதுதான் நல்ல இடம் என்று அறிவித்தான். செஞ்சிக் கோட்டையைக் கட்டிய ராஜாக்கள் கேட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பார்கள்.

இவர்களைத் தவிர இன்னொரு கோஷ்டியும் வந்திருந்தது. புதுச்சேரியிலிருந்து பைக்கில் வந்த நான்கு கல்லூரி மாணவர்கள். அவர்களில் உயரமானவன் இளவரசன். அவன் எதைப் பற்றிப் பேசினாலும் பேச்சு சாப்பாட்டில்தான் போய் முடிந்தது.

"மலை சூப்பரா இருக்கு. டின்னர் எப்போ?"

"கிணத்துல தண்ணி நிறைய இருக்கே. டின்னர் என்ன?"

மாலை முழுவதும் ஓவியாவும் கவியாவும் ஒட்டிக்கொண்டே திரிந்தார்கள். கவியாவுக்கு ஒரு வயதுதான் கூட. கூடாரத்துக்கு ஆணி அடிப்பது, ஜிப்பைச் சிக்காமல் இழுப்பது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இருவரும் சேர்ந்து வாசல் கேட்டில் சீரியல் லைட் கட்டினார்கள். அப்போதுதான் கவியா மெதுவாகச் சொன்னாள்.

"நாளைக்குக் காலைல போகும்போது, நல்லா இருந்துச்சுனு எங்க அப்பாகிட்ட சொல்லிட்டுப் போறீங்களா? எல்லாருமே சொல்லணும்."

"கண்டிப்பா! ஏன்?"

"எங்க அப்பா ஓசூர்ல ஒரு கம்பெனில வேலை பார்த்தாரு. மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவாரு. இப்போ இதைப் பண்ணிப் பார்க்கலாம்னு வந்துட்டாரு. இது சரியா வரலைன்னா, திங்கக்கிழமை மறுபடியும் ஓசூருக்கே போறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டிருந்தாரு."

ஓவியாவுக்குத் தன் அப்பா ஒரு மாதம் வீட்டில் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

"சரியா வரும், பாரேன். நாம இதைப் பிரமாதமா ஆக்கிடலாம்!" என்றாள்.

கேட்டுக்கு வெளியேதான் கிரிவலப் பாதை. இருட்டத் தொடங்கியதும் அதில் ஜனங்கள் ஆறு மாதிரி போக ஆரம்பித்தார்கள். எல்லாரும் வெறுங்காலோடு, எல்லாரும் ஒரே திசையில். மலைக்கு மேலே நிலா எட்டிப் பார்த்தது. ஓவியாவுக்கு ஒரு யோசனை வந்தது.

"சாப்பாட்டு டேபிளை கேட் பக்கத்துல போடலாமா? எல்லாரும் வேடிக்கை பார்த்துட்டே சாப்பிடலாம்!"

"சூப்பர்!" என்று கவியா குதித்தாள்.

டேபிள் வந்தது. கவியாவின் அம்மா சரசு அதன் மேல் சாம்பார் சாத அண்டாவை இறக்கிவைத்தார். பக்கத்தில் பாக்குமட்டைத் தட்டுகளை அடுக்கினார். மேலே சீரியல் லைட் சிவப்பும் பச்சையுமாக மின்னியது. இளவரசன் கை கழுவிக்கொண்டு ஓடி வந்தான்.

அவனுக்கு முன்னால், நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர் கேட்டுக்குள் வந்து கையை நீட்டினார்.

சரசு யோசிக்கவே இல்லை. தட்டை எடுத்து, ஒரு கரண்டி சாதம் வைத்து, "சாப்பிடுங்க சாமி" என்று கொடுத்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஓர் அம்மா. அவருக்கும் கொடுத்தார். அவருக்குப் பின்னால் மூன்று பேர். சரசு நிமிர்ந்து பார்த்தபோது கேட்டைத் தாண்டி வரிசை நீண்டிருந்தது.

பௌர்ணமி அன்று, கிரிவலப் பாதையில், கலர் லைட்டுக்கு அடியில் ஓர் அண்டா இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அன்னதானம்!

கவியா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ! எனக்கு எப்படித் தோணாம போச்சு!"

"அக்கா, நாங்க இங்க காசு கட்டித் தங்கியிருக்கிற ஆளுங்க" என்றான் இளவரசன் பரிதாபமாக. அவனுக்குக் காலை இட்லியோடு சரி.

அருணகிரி ஓடி வந்தார். "சரசு, இன்னா இது?"

"நான் இன்னா பண்றது? பௌர்ணமியும் அதுவுமா வரிசையில நிக்கிறவங்களை இல்லைனு அனுப்பச் சொல்றீங்களா? எனக்கு வாய் வரலை" என்றார் சரசு. சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு பேருக்கு வைத்துவிட்டார். அண்டாவில் சாதம் இறங்கிக்கொண்டே போனது.

"லைட்டை அணைச்சிடுங்க. தானா போயிடுவாங்க" என்று ஓவியாவின் அப்பா யோசனை சொன்னார்.

அருணகிரி லைட்டை அணைத்தார். வரிசை ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"பாவம், கரண்டு போயிடுச்சு போல" என்றது ஒரு குரல். உடனே பத்துப் பேர் செல்போன் டார்ச்சை அடித்து அண்டாவுக்கு வெளிச்சம் காட்டினார்கள். "நீங்க வைங்கம்மா. நாங்க பிடிச்சுக்கறோம்!"

மாறன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் கவியா சிரிக்கவில்லை. அவள் கண் நிறைந்திருந்தது. "முதல் நாளே கெஸ்ட்டுக்கு சாப்பாடு இல்லை. நாளைக்கு யாரு நல்லா இருந்துச்சுனு சொல்லுவாங்க? அப்பா போயிடுவாரு" என்றாள்.

டேபிளை இங்கே போடச் சொன்னது ஓவியாதானே! ஏதாவது செய்தே ஆக வேண்டும். அவள் வரிசையைப் பார்த்தாள். எல்லாரும் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஓர் அக்காவிடம் போனாள்.

"அக்கா, உங்களுக்கு ரொம்பப் பசிக்குதா?"

அந்த அக்கா சிரித்துவிட்டார். "பசியா? வழியெல்லாம் சாப்பாடுதான் பாப்பா. இதோ பாரு." அவருடைய பையில் எலுமிச்சை சாதம், புளியோதரை, சுண்டல் என்று பொட்டலங்கள் நிரம்பி வழிந்தன. "எங்கயும் வேணாம்னு சொல்லக் கூடாதுனு வாங்கிட்டே வந்தேன். ஜாஸ்தியாயிடுச்சு."

"அப்புறம் ஏன்க்கா இங்க நிக்கிறீங்க?"

"உள்ள வந்தா உட்கார எடம் கிடைக்குமேனுதான். கால் எரியுது. சாப்பாடு போடறவங்க நிறைய இருக்காங்க. உட்காருங்கனு சொல்றதுக்கு ஆள் கம்மி."

பக்கத்தில் நின்றவர்களும் தலையாட்டினார்கள். "வரிசையைப் பார்த்தோம், நின்னுட்டோம்" என்றார் ஒருவர் வெட்கத்தோடு.

ஓவியாவுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. ஓட்டமாக ஓடி வந்தாள்.

"அங்கிள்! அவங்களுக்குப் பசியே இல்லை, கால்தான் வலிக்குது. உங்ககிட்ட இடம் இருக்கு, பம்ப்செட் தண்ணி இருக்கு. அதைக் குடுக்கலாமா?"

"குடுக்கலாம் பாப்பா. தண்ணிக்கு இன்னா பஞ்சம்?" என்றார் அருணகிரி. "ஆனா கெஸ்ட்டுங்க சாப்பாடு?"

"பாதை பூராவும் சாப்பாடு போடறாங்களாமே! நாங்க போய் வரிசைல நின்னு வாங்கிக்கிறோம்!"

இளவரசனுக்கு ஒரு சந்தேகம். "அது கிரிவலம் போறவங்களுக்குத்தானே? நாங்க வாங்கலாமா?"

பின்னாலேயே வந்திருந்த குழந்தைக்கார அக்கா பட்டென்று சொன்னார்: "பசிச்சவங்க யாருனு யாரும் கேக்க மாட்டாங்க தம்பி. செருப்பை மட்டும் கழட்டிட்டுப் போ."

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. அருணகிரி மோட்டாரைப் போட்டார். வாய்க்காலில் தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. ஓவியாவின் அப்பாவும் அம்மாவும் தார்ப்பாயை விரித்தார்கள். சீரியல் லைட் மறுபடியும் எரிந்தது. இந்த முறை ஓவியா கேட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"சாப்பாடு முடிஞ்சுது! வந்து உட்காருங்க! கால் நனைக்கத் தண்ணி இருக்கு!"

வரிசை கலைந்து வாய்க்கால் ஓரம் முழுக்க ஜனங்களாக உட்கார்ந்தது. தண்ணீரில் காலை விட்டதும் ஒவ்வொருவரும் "அப்பாடா!" என்றார்கள். விபூதிப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, இனி எழுந்திருக்கவே மாட்டேன் என்பது போல் உட்கார்ந்துவிட்டார்.

கவியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது அவள்தான் வழிகாட்டி. "எல்லாரும் என் பின்னாடி வாங்க. மலையைச் சுத்துற திசையிலதான் நடக்கணும். எதிர்ல திரும்பி வரக் கூடாது. வரும்போது கொல்லை வழியா கூட்டிட்டு வந்துடறேன்."

வெறுங்காலோடு ஒன்பது பேர் கிளம்பினார்கள். நிலா இப்போது முழுசாக மேலே வந்திருந்தது. முதல் பந்தலில் வெண்பொங்கல். அடுத்ததில் தயிர் சாதம், ஊறுகாயோடு. அதற்கு அடுத்ததில் சூடான கேசரி. நடக்க நடக்க, சாப்பிடச் சாப்பிட, மாறன் ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு தடவை நின்றான். அம்மாவே கேசரிக்கு மறுபடி போய் நின்றதை ஓவியா பார்த்துவிட்டாள்.

"இதுக்கு மேல என்னால முடியாது" என்று இளவரசன் வயிற்றைத் தடவினான். அப்போது பக்கத்தில் நடந்தவர் யாரிடமோ, "ஒரு பந்தல்ல நெய் தோசை சுட்டுக் குடுத்தாங்க பாரு" என்று சொன்னது அவன் காதில் விழுந்தது.

"தோசையா! எங்க?"

"அது நமக்குப் பின்னாடி போயிடுச்சுண்ணா" என்றாள் கவியா. "திரும்பி நடக்கக் கூடாது. மலையை முழுசா சுத்தி வந்தாத்தான் கிடைக்கும்."

இளவரசன் மலையைப் பார்த்தான். நண்பர்களைப் பார்த்தான். "டேய், வாங்கடா" என்று நடக்கத் தொடங்கிவிட்டான். அவர்கள் நால்வரும் கூட்டத்தில் மறைய, மற்றவர்கள் சிரித்துக்கொண்டே கொல்லை வழியாகக் கூடாரத்துக்குத் திரும்பினார்கள். ஓவியாவுக்குப் படுத்ததுதான் தெரியும்.

காலையில் ஜிப்பை இழுத்து வெளியே வந்தால், இளவரசன் வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தோசை கிடைச்சுதாண்ணா?"

"நாங்க போறதுக்குள்ள தீர்ந்துடுச்சு" என்றான். "ஆனா நான் பொறந்ததுல இருந்து இவ்வளவு தூரம் நடந்ததே இல்லை. நம்பவே முடியலை!" அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அருணகிரி இட்லித் தட்டோடு வந்து நின்றார். அவரால் யார் முகத்தையும் நேராகப் பார்க்க முடியவில்லை. "நேத்து ராத்திரி சாப்பாடு விஷயத்துல தப்பாயிடுச்சு தம்பி. மனசுல வெச்சுக்காதீங்க."

"அதைப் பத்தித்தான் பேசணும் அண்ணே" என்றான் இளவரசன். அவன் முகம் திடீரென்று இறுகியது. கவியா ஓவியாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த பௌர்ணமிக்கு எங்க கிளாஸ் மொத்தமும் வர்றாங்க. நாலு கூடாரம் பத்தாது. ஆனா ஒரு கண்டிஷன்."

"இன்னா கண்டிஷன்?"

"ராத்திரி நீங்க சமைக்கவே கூடாது. நாங்க வரிசைல நின்னுதான் சாப்பிடுவோம். தோசை தீர்றதுக்கு முன்னாடியே எங்களைக் கிளப்பி அனுப்பிடணும்!"

சரசுதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். ஓவியாவின் அப்பா, "ரொம்ப நல்லா இருந்துச்சு சார். நாங்களும் வருவோம். அடுத்த தடவை பௌர்ணமி பார்த்தே புக் பண்றேன்" என்றார். மாறன் தனக்குக் கேசரிப் பந்தல் பக்கத்திலேயே ஒரு கூடாரம் வேண்டும் என்றான்.

கவியா மட்டும் சிரிக்காமல் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, அப்போ திங்கக்கிழமை... ஓசூர்?"

அருணகிரி தட்டிலிருந்து ஓர் இட்லியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"ஓசூரா? அது எந்தப் பக்கம் இருக்குது?"