எட்டு மணி நேரக் கறுப்பு

சோதனை அறைச் சுவரில் ஃபோன் அலறியது.

மெக்கானிக்கின் பார்வை தரையில் இருந்தது.

அங்கே விஞ்ஞானியம்மா கிடந்தார்... மண்டை பிளந்து! பக்கத்தில் அவனுடைய ஸ்பேனர்.

விடுமுறை நாள். கட்டடத்தில் ஈ காக்கை இல்லை. உராய்வுச் சோதனை மெஷினில் கோளாறு என்று மச்சான் கூப்பிட்டதால்தான் வந்தான். அவன் நுழைந்ததும் யாரோ வெளியிலிருந்து மெஷினை ஓட விட்டார்கள். அது ஓடினால் அறைக்கதவும் மெஷின் மூடியும் பூட்டிக்கொள்ளும். நின்றால்தான் திறக்கும்.

ஃபோனை எடுத்தான்.

"மாப்ளே..."

மச்சான். மனைவியின் அண்ணன். இங்கே மேனேஜர். கையில் கறை படாத உத்தியோகம்.

"இருபது நிமிஷத்துல போலீஸ் வரும். மெஷின் எட்டு மணி நேரமா ஓடுதுன்னு மீட்டரை மாத்தி வச்சிருக்கேன். அவ்வளவு நேரமும் கதவு பூட்டு. உள்ள ரெண்டு பேரு. ஒருத்தர் பொணம். அப்ப கொன்னது யாரு?"

"நான் வீட்டுல இருந்தேன். உங்க தங்கச்சியே சொல்லுவா."

"பொண்டாட்டி சாட்சியை யாரு நம்புவா? கண்டுபிடிப்புல என் பேரையும் போடச் சொன்னேன். அந்தம்மா கேக்கல."

அந்தக் கண்டுபிடிப்பு இதுதான். இரும்புத் தட்டுகள் அழுந்தி உரசும்போது நடுவிலுள்ள எண்ணெய் சிதைந்து கரிப்படலமாகும். அந்தப் படலமே இரும்பைத் தேயாமல் காக்கும்.

மெக்கானிக்குக்கு ஒரு துரும்பு கிடைத்தது.

"எட்டு மணி நேரம் ஓடினா தட்டு கறுத்திருக்கணுமே மச்சான்."

"அதான் பழைய கறுத்த தட்டை மாட்டிட்டேன்."

ஃபோன் செத்தது.

கதவை இடித்தான். அசையவில்லை. தோளால் மோதினான். ஆழமாக மூச்சை இழுத்தவன் சட்டென்று நின்றான்.

இந்த அறையில் எப்போதும் வரும் ஒரு வாசனை... இல்லை!

போலீஸ் வந்தது. மெஷினை நிறுத்தினார்கள். மூடியை இன்ஸ்பெக்டரே திறந்தார்.

தட்டு கருகருவென்று இருந்தது.

"எட்டு மணி நேரம் ஓடியிருக்கு சார்," என்று மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எண்ணெய் வாசனையே வரல. தொட்டுப் பாருங்க சார்," என்றான் மெக்கானிக்.

இன்ஸ்பெக்டரின் விரலில் ஈரமே இல்லை. மூடிக்குள் இருந்த தொட்டியிலும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

"உரச உரச அந்தப் படலம் தேயும். எண்ணெய் இருந்தாத்தான் திரும்ப வளரும். எண்ணெய் இல்லாம அரை மணி தாங்கும் சார், எட்டு மணி நேரம் தாங்காது. தட்டை மாத்தினவரு எண்ணெய் ஊத்த மறந்துட்டாரு."

"அவனே வடிச்சிருப்பான்..." என்றார் மச்சான்.

"மூடி பூட்டியிருந்துச்சே. சுவிட்சும் மீட்டரும் வெளியில இருக்கு, வெளியில இருந்தது நீங்க மட்டும்தான்," என்ற இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"நடங்க சார். எங்க ஸ்டேஷன்லயும் அழுத்தம் ஜாஸ்தி... தேயாம இருக்க எண்ணெயை மட்டும் நீங்கதான் கொண்டு வரணும்!"