பத்தாவது பதில்

பதில் பத்து வந்தது. வர வேண்டியது ஒன்பதுதான்.

தட்டச்சு அக்கா மணிக்கயிற்றை விடாமல் அப்படியே நின்றாள். அந்த மலை நகராட்சியில் பனி மூடினால் அலுவலக மாடியிலுள்ள மணியை இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் அடித்தாக வேண்டும். சரிவெங்கும் சிதறிக் கிடக்கும் ஒன்பது ஊர்களும், உச்சியில் இருப்பது தொடங்கி, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைத் தட்டி வரிசையாகப் பதில் சொல்லும். பனிக்குள் நடப்பவர்கள் அந்தச் சத்தங்களைப் பிடித்துக்கொண்டுதான் வீடு போய்ச் சேர்வார்கள். மணி நின்றால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். பள்ளியில் பிள்ளைகளுக்கு முதல் பாடமே அதுதான்.

இன்றைக்கு மணி அவள் முறை. மதியம் மூன்றுக்கே சன்னல் வெளுத்துவிட்டது. ஈரச் சணல் வாடையும் பழைய காகிதத்தின் பூஞ்சை நெடியும் கலந்து மூக்கை அடைக்க, கீழே எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. பள்ளி விடும் நேரம். டீச்சர் பின்னால் வரிசையாக நடந்து வரும் பிள்ளைகளில் கடைசி ஆள் அவள் மகள். ஏழு வயது. முன்பல் இரண்டும் பெரிசு என்பதால் வீட்டில் அவள் பெயர் முயல். சிவப்புக் குடை.

"அண்ணே, எண்ணுனீங்களா?"

கீழே ஆவண அறையில் நகராட்சி வரலாற்று மலருக்காகப் பழைய கோப்புகளைக் கிளறிக்கொண்டிருந்த குமாஸ்தா சிரித்தார். "எண்ணாம என்ன? பத்து. எதிரொலிம்மா. மலைக்கும் பொழுது போக வேண்டாமா?"

அவருக்கு எல்லாமே கேலிதான். அவள் மறுபடி அடித்தாள். ஒன்பதும் வந்தன. கொஞ்சம் பொறுத்து, தன் முறை தெரிந்ததுபோல, பத்தாவது வந்தது. இடப்பக்கத்திலிருந்து. இடப்பக்கம் நகராட்சியின் எல்லைச் சுவர். அதற்கப்பால் கிடுகிடு பள்ளம். ஊரும் இல்லை, தரையும் இல்லை.

குமாஸ்தா மேலே ஏறி வந்தார். கையில் நைந்துபோன வரைபடம். முகத்தில் கேலி இல்லை.

"இதுல பத்து ஊரு இருக்கும்மா. பத்தாவது அந்தப் பள்ளத்துக்கு நடுவுல. அப்ப அது மேடு. ஒரே மழையில மொத்தமா சரிஞ்சிருக்கு. பள்ளிக்கூடத்தோட."

அவள் டீச்சருக்கு போன் போட்டாள்.

"கெளம்பிட்டோங்க்கா," என்றாள் டீச்சர் உற்சாகமாக. "இன்னிக்கு ஒரு மணி ரொம்பக் கிட்டக்க கேக்குது. அதப் பிடிச்சுத்தான் போறோம். பாதையும் சமமா இருக்கு."

அந்த மலையில் சமமான பாதையே கிடையாது.

"டீச்சர், நில்லுங்க! நில்லு..."

போன் செத்துவிட்டது. அவள் கயிற்றை விட்டாள். நிற்கட்டும். மணி நின்றால் பிள்ளைகள் நிற்பார்கள்.

ஒன்பது ஊரும் அடங்கின. பத்தாவதும் அடங்கியது. காத்திருப்பதுபோல.

இடப்பக்கச் சன்னலில் பனி கிழிந்தது.

நின்றிருந்தார்கள். சொல்லிக்கொடுத்தபடியே, வரிசை கலையாமல். சுவருக்கு அப்பால், பள்ளத்துக்கு மேலே, வெறும் வெளியில். டீச்சர் முன்னால். கடைசியில் சிவப்புக் குடை. கால்களுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

பிறகு அவர்கள் இறங்கத் தொடங்கினார்கள். சேற்றில் புதைவதுபோல, மெதுவாக. கணுக்கால் போனது. முழங்கால் போனது. முயல் குனிந்து தன் கால்களைத் தேடினாள்.

"அடிம்மா!" குமாஸ்தா அலறினார். "அடி!"

அடித்தாள். கால்கள் மேலே வந்தன. வரிசை ஒரு எட்டு முன்னால் வைத்தது. பள்ளத்துப் பக்கமிருந்து, தெளிவாக, பத்தாவது பதில்.

நிறுத்தினாள். புதைந்தார்கள்.

அடித்தாள். ஒரு எட்டு போனார்கள்.

கடவுளே, வேறு என்னதான் செய்வாள்? முயல் திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். பல் தெரியச் சிரித்தாள்.

"அம்மா, நிறுத்தாத!"

அடித்தாள். தோள் கழன்றது. அடித்தாள். குமாஸ்தா சுவரோரம் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். வரிசைக்கு எதிரே பனிக்குள் ஒரு ஓட்டுக்கூரை. ஒரு படி. திறந்த கதவு.

டீச்சர் படியில் நின்று குடையை உதறி மடக்கினாள். உள்ளே போனாள். அடுத்தவன் மடக்கினான். அடுத்தவள்.

அவள் அடித்துக்கொண்டே இருந்தாள்.

சிவப்புக் குடை படிக்கு வந்துவிட்டது.