மனம் ஒப்பாத சுட்டி

கடலடிக் குடிலின் கதவுக்கு வெளியே, தண்ணீருக்குள் நின்று கஸ்பார் கண்ணாடியைத் தட்டினான். உள்ளே, அவன் மனைவி பெனிட்டாவின் கைக்கடியில் கணினிச் சுட்டி செத்துக் கிடந்தது.

கதவைத் திறக்கும் பொத்தானுக்குப் போக வேண்டிய அம்பு திரையில் அசையவில்லை. வடத்தைக் கழற்றி அடுத்த துளையில் மாட்டினாள். கட்டளை எழுதும் கறுப்பு முனையத்தைத் திறந்து, என்னென்ன கருவிகள் இணைந்திருக்கின்றன என்று கணினியின் இயங்குதளமான லினக்ஸிடம் தட்டச்சிட்டுக் கேட்டாள். சுட்டி இருக்கிறது என்றது. இயக்கி நிரலை இறக்கி மறுபடி ஏற்றினாள். ஒழுங்காக ஏறியது. அம்பு மட்டும் அடித்துவைத்த ஆணி.

விசைப்பலகையாலேயே கதவைத் திறக்கலாமே என்றால், சட்டம் விடாது. ஒரு காலத்தில் நாட்டில் எவனைப் பிடித்தாலும் ‘தெரியாம கை பட்டுட்டு’ என்றான். வீட்டை விற்றவன் சொன்னான், ஓட்டுப் போட்டவன் சொன்னான், கல்யாணத்தைப் பதிந்தவனும் சொன்னான். நீதிமன்றங்கள் திணறின. அப்போது வந்ததுதான் மனமொப்பி: உள்ளங்கை நாடியைப் படித்து, செய்கிற, செய்வதாகச் சொல்கிற காரியத்துக்கு மனம் முழுதாக ஒப்பினால் மட்டும் நகரும் சுட்டி. அரைமனம் என்றால் கல். சொத்து, உயிர் சம்பந்தப்பட்ட எதற்கும் இதுவே வேண்டும் என்றது சட்டம்; கடலடிக் கதவும் அதில் சேர்ந்தது. வந்த வருடம் பதிவு அலுவலகங்களில் பாதிக் கல்யாணம் நின்றது. எல்லோரும் சுட்டியைத்தான் திட்டினார்கள்.

கஸ்பாரின் காற்று அளவு திரையில் சிவப்புக்கு இறங்கியது. பெனிட்டா கணினியையே அணைத்துப் போட்டாள். லினக்ஸ் நிதானமாக எழுந்து வருகிற நேரத்தில், காலையில் நடந்த சண்டையை நினைத்துப் பார்த்தாள். அது மீன் குழம்புக்குப் புளி போதாது என்கிற சண்டை. அதற்காக ஒரு மனுஷன் சாக வேண்டும் என்று யார் நினைப்பார்கள்?

அம்பு அசையவில்லை.

பக்கத்து அறையில் மின்னாக்கியைப் பார்த்துக்கொள்ளும் தஸ்நேவிஸ், தேநீர் கேட்டுத் தானாக வந்தார். அவரைக் கூப்பிட்டிருக்கலாமே என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கை பட்டதும் அம்பு சாளை மீனாகப் பாய்ந்தது. கதவு திறந்து, தண்ணீர் வடிந்து, கஸ்பார் உள்ளே வந்து விழுந்தான்.

“சுட்டில ஒரு கோளாறும் இல்லியே தாயி,” என்றார் தஸ்நேவிஸ். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே புரிந்தது. தேநீரை மறந்து போய்விட்டார்.

மூச்சு திரும்பியதும் கஸ்பார் என்ன நடந்தது என்று கேட்டான். சுட்டி பழுது என்றாள் பெனிட்டா. வடம், துளை, இயக்கி என்று செய்தது அத்தனையும் சொன்னாள். அவன் குறுக்கிடாமல் கேட்டான். பிறகு நாற்காலியில் அமர்ந்து, சுட்டியைப் பிடித்துச் சீட்டாட்டம் ஒன்றைத் திறந்தான். அம்பு சொன்ன இடத்துக்கெல்லாம் ஓடியது.

“பழுதுதான் போல,” என்றான் மெதுவாக. “எதுக்கும் நாளைக்கு நீ வெளிய போ. நான் இங்கன இருந்து கதவத் தொறந்து விடுதேன்.”

ஓடிக்கொண்டிருந்த அம்பு, அந்தப் பேச்சின் நடுவிலேயே நின்றது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். இந்த முறை சுட்டியை யாரும் திட்டவில்லை.