அரைமணி நேர அமைதி

மாமாவின் பேச்சுக்குப் பின்னால் மின்விசிறிச் சத்தம் இல்லை.

வானொலி நிலையத்தில் பதினொரு வருடம் ஒலித்தொகுப்பு செய்தவள் அவள். பிள்ளை பிறந்த பிறகு வீட்டின் பின்னறையிலேயே கணினியையும் ஹெட்போனையும் வைத்து வேலையைத் தொடர்ந்துகொண்டிருந்தாள். ஆளில்லாத அறைக்குக்கூட ஒரு மூச்சு உண்டு என்று அவளுக்குத் தெரியும். சுவருக்குள் ஓடும் தண்ணீர், டியூப்லைட்டின் ரீங்காரம், தூரத்துத் தெருவில் உரசிப் போகும் டயர் என்று எதுவாவது கேட்டுக்கொண்டே இருக்கும். காலையில் சபையில் பதிவான இந்தப் பேச்சிலும், யாரோ இருமுவதும் நாற்காலி நகர்வதும் மின்விசிறி கடகடப்பதும், சற்று முன்புவரை இருந்தன. இப்போது குரல் மட்டும்தான் இருந்தது.

மாமா, அவள் கணவனின் அப்பா, நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேதத்தின் கடைசிக்காலத் தீர்க்கதரிசனங்களையும் நிலம் அளப்பதுபோலத்தான் அளப்பார். ஏழாம் முத்திரை உடையும்போது பரலோகத்தில் வரும் அரைமணி நேர அமைதி, அது முடிந்ததும் பூமிக்கு அழிவைக் கொண்டுவர ஊதப்போகும் எக்காளங்கள் எல்லாவற்றுக்கும் கூடத்து மேசை அளவுக்கு ஒரு வரைபடம் வைத்திருந்தார்.

"தீர்க்கதரிசனத்துல ஒரு நாள்னா ஒரு வருஷம்மா. அப்படிப் பாத்தா அரைமணி நேரம்ங்கிறது ஏழரை நாள்" என்றார் போன ஞாயிறு சாப்பாட்டின்போது.

"ஏழரை தானேப்பா? அது நம்ம வீட்டுல கல்யாணத்துலேருந்தே நடக்குது" என்றான் கணவன். மாமாவே புரையேறச் சிரித்தார்.

அவள் பதிவைப் பின்னால் ஓட்டினாள். இப்போது மாமாவின் குரலும் இல்லை. திரையில் ஒலியளவுக் கோடு மட்டும் ஏறி இறங்கியது. வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினாள். ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டாள். விழுந்த சத்தம் கேட்கவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, காற்று கழுத்தில் பட்டது, ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை. மணி மூன்று பத்து.

காது போய்விட்டது என்றுதான் நினைத்தாள். காதருகே விரலைச் சொடுக்கினாள். "மாமா!" என்று கத்தினாள். தொண்டை அதிர்ந்ததோடு சரி.

போன் ஒளிர்ந்தது. வீடியோ அழைப்பில் கணவன். உதடுகள் வேகமாக அசைந்தன. அவனுக்குப் பின்னால் அவன் அலுவலகமே எழுந்து நின்றது. ஒரு பெண் காதைக் குடைந்துகொண்டிருந்தாள். ஒருவர் இரண்டு கையாலும் மேசையை அறைந்துகொண்டே இருந்தார். அழைப்பு அறுந்தது.

அப்படியென்றால் பழுது அவள் காதில் இல்லை.

அறை வாசலில் மகள் வாலு வந்து நின்றாள். ஐந்து வயது. வாய் அகலத் திறந்திருந்தது, கண்ணீர் கொட்டியது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அழுகை கேட்கவில்லை. அள்ளி அணைத்தபோது நெஞ்சில் மட்டும் விம்மல் முட்டியது. மடியில் போட்டு முதுகைத் தடவினாள். எவ்வளவு தடவியும் அடங்கவில்லை. கடைசியில் இடுப்பில் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

மாமா வரைபடத்தின் முன் குனிந்திருந்தார். அவளைப் பார்த்ததும் பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினார்.

'எப்ப ஆரம்பிச்சுது?'

'மூணு பத்து.'

கடிகாரத்தில் மூன்று முப்பத்தொன்று. மாமா ரப்பரை எடுத்து 'ஏழரை நாள்' என்ற இடத்தை அழித்தார். காகிதம் கிழிந்தது. அதற்குக்கூடச் சத்தமில்லை.

'தப்பா அளந்துட்டேம்மா. நிஜமாவே அரைமணிதான்.'

அவள் கடிகாரத்தைக் காட்டி ஒன்பது விரல்களை விரித்தாள். ஒன்பது நிமிடம் இருக்கிறதா? மாமா வரைபடத்தின் உச்சியில் தாமே எழுதியிருந்த வேத வசனத்தில் ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார்.

'ஏறக்குறைய.'

அதற்குப் பிறகு என்ன என்று அவள் எழுதவில்லை. எக்காளங்களைப் பற்றி மணிக்கணக்காகச் சந்தோஷமாகப் பேசியவர் பென்சிலைக் கீழே வைத்தார். அவர் பேத்தியைப் பார்த்தார்.

அவள் பஞ்சைத் தேடி எடுத்தாள். பிள்ளையின் காதுகளில் அடைத்தாள். மேலே துண்டைச் சுற்றினாள். ஜன்னல்களைச் சாத்த ஓடினாள்.

தெருவில் பேருந்து குறுக்கே நின்றது. கடைக்காரர்கள் வெளியே வந்திருந்தார்கள். யாரும் ஓடவில்லை. ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்று முப்பத்தெட்டு.

பிறகு எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் மேலே திரும்பின.

அவள் ஜன்னலை அறைந்து மூடினாள். திரும்பி ஓடி வந்தாள்.

மாமா தரையில் மண்டியிட்டிருந்தார். துண்டின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துப் பேத்தியின் காதுகளை அழுத்திப் பிடித்திருந்தார். கண்ணை இறுக மூடியிருந்தார். அவள் அவருக்குப் பின்னால் விழுந்து அவர் காதுகளைப் பொத்தினாள். அவள் காதுகள் திறந்து கிடந்தன. காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

ஒன்றுமே கேட்கவில்லை.

வாலு அழுகையை நிறுத்தியிருந்தாள். பஞ்சும் துண்டும் தாத்தாவின் கைகளும் அப்படியே இருந்தன. முகத்தை மெல்ல மேலே தூக்கினாள். உதடுகள் பிரிந்தன. அவள் சொன்னதை அம்மாவால் படிக்க முடிந்தது.

'அம்மா, கேக்குது.'