உயிர்ப்பு ஞாயிறன்று ஊமையான ஸ்பூல்

1981, உயிர்ப்பு ஞாயிறு. காலை 10.40.

டேப் ரிக்கார்டரில் ஸ்பூல் சுற்றியது. பாட்டு வரவில்லை.

பங்கிராஸ் சத்தக் குமிழைக் கடைசிவரை திருகினார். இரைச்சல்தான் வந்தது. நாடா முழுக்க ஓடி, நுனி கழன்று டப் டப்பென்று அடித்தது. அவர் மனைவி பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த நாடாவில் இருக்க வேண்டியது அவர்களுடைய ஒரே மகள் ஜெயமேரியின் குரல். போன ஞாயிறு, குருத்து ஞாயிறன்று, பாடி வைத்துவிட்டு மறுநாள் மதுரைக்குக் கன்னியாஸ்திரி மடத்தில் சேரப் போய்விட்டாள். இரண்டு வருடத்துக்கு வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்பது மடத்துச் சட்டம்.

பங்கிராஸ் சின்னமனூருக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டக்காரர். வீட்டிலேயே பாட்டுப் பதிய ஒரு மிஷின் வேண்டுமென்று ஆறு மாதம் அலைந்தார். கடைசியில் இரண்டு மிஷின்கள் வீட்டுக்கு வந்தன. ஒன்று, பெரிய சக்கரத்தில் நாடா சுற்றும் ஸ்பூல். கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கும் ஏசுதாசன் மேகமலை எஸ்டேட்டில் வாங்கியது. கரண்டில் மட்டும் ஓடும். இன்னொன்று கேசட். தேனியில் ரேடியோ கடை வைத்திருக்கும் செல்லப்பாண்டி உதிரி பாகங்களை வாங்கித் தன் கையால் பூட்டியது. கரண்டிலும் பேட்டரியிலும் ஓடும். எதை எடுப்பது? ஒரே பாட்டை ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு தடவை பாடுவது, கேட்டுப் பார்த்து நல்லதை எடுப்பது என்று பேச்சு.

பாடியது உயிர்ப்புப் பாட்டு. அதைத் தவக்காலத்தில் பாடியதே தப்பு, உயிர்ப்பு ஞாயிறுக்கு முன்னால் கேட்கவும் கூடாது என்று பிலோமினா கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டு மிஷின்களும் ஒரு வாரம் துண்டு போர்த்திக் கிடந்தன.

இப்போது துண்டை எடுத்தாயிற்று. விற்க வந்த இரண்டு பேரும் எதிரே நின்றார்கள்.

"ஏலே ஏசுதாசா, ஓட்டை மிஷினக் கொண்டாந்து எம் மக குரலக் கெடுத்துட்டியே! இனி நீ கோயில்ல ஆர்மோனியத்துல கை வைக்கக்கூடாது. பங்குச் சாமியார்ட்ட இன்னைக்கே சொல்றேன்."

"சத்தியமாப் பதிஞ்சுச்சு மாமா. பாட்டுச் சத்தத்துக்கு மிஷின் முள்ளு ஆடுனத நான் பாத்தேன்."

"முள்ளு ஆடுச்சாம்!" செல்லப்பாண்டி சிரித்தார். "மொதலாளி, நம்ம கேசட்டப் போடுங்க."

கேசட் பாடியது. ஜெயமேரியே கூடத்தில் நின்று பாடுவது போலிருந்தது. சரணங்களுக்கு நடுவே அவள் மூச்சை இழுப்பதும், பின்னால் கடிகாரம் டிக் டிக்கென்று ஓடுவதும்கூடத் தெளிவாகக் கேட்டன. பிலோமினா அழுதார்.

அந்த நேரத்தில்தான் சின்னமனூர் ஏட்டு வைகுண்டராஜ் உள்ளே வந்தார். பெருநாள் பிரியாணிக்கு அழைத்திருந்தார்கள். பொய் கேட்டே பாதி ஆயுசைக் கழித்த மனுஷன்; அழுகிறவரையும் நம்பமாட்டார், சிரிக்கிறவரையும் நம்பமாட்டார். சுவரைப் பார்த்தார்.

"மணி அதுக்குள்ள பதினொன்னு இருவதா? சோறு ஆச்சா தங்கச்சி?"

"அது ஓடலண்ணே. பாப்பா நிறுத்துனது. சாவி குடுக்குறது அவதான். அவ போனப்புறம் யாரும் தொடவேணாம்னு இவுக சொல்லிட்டாக."

ஏட்டு உட்கார்ந்தார். நடந்ததைக் கேட்டார். கேசட்டை இன்னொரு தடவை போடச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார்.

காலை 11.15. விசாரணை.

"பாப்பா மொதல்ல எந்த மிஷினுக்குப் பாடுச்சு?"

"ஸ்பூலுக்கு," என்றான் ஏசுதாசன். "இங்கன ஒரே ஒரு பிளக்குதான். அதக் கழட்டிட்டுத்தான் கேசட்ட மாட்டுனாக."

"பெறகு நீ இந்த வீட்டுக்கு வந்தியா?"

"செவ்வாக்கெழம, இங்க விட்டுட்டுப் போன ஆர்மோனியத்த எடுக்க. அத்தை கூடவே நின்னாக."

"செல்லப்பாண்டி?"

"வியாழக்கெழம. நாடா ஒரசுற ஹெட்டத் தொடைக்க வந்தேன்."

"நாங்க கோயிலுக்குப் பொறப்பட்டோம்," என்றார் பிலோமினா. "வேலைய முடிச்சுட்டுக் கதவச் சாத்திட்டுப் போங்கன்னு சொல்லிட்டுப் போனோம்."

கடைக்காரனை நம்பி வீட்டை விட்டுப் போயிருக்கிறார்கள். ஏட்டு கேசட் மிஷினைத் தட்டிக் கொடுத்தார்.

"நல்ல மிஷின்தான் செல்லப்பாண்டி. சின்னச் சத்தத்தக்கூட விடல."

"எறும்பு நடந்தாலும் புடிக்கும் ஏட்டையா! அதனாலதான நம்ம முறை வந்ததும், மொத வேலையா அந்தக் கடிகாரத்த நிறுத்தச் சொன்னேன்."

"நீங்கதான் சொன்னீகளா?"

"ஆமா. பாப்பாவே ஸ்டூல்ல ஏறி நிறுத்துச்சு."

ஏட்டு எழுந்து கேசட் மிஷினைத் திருப்பினார். பின்மூடியை நகத்தால் நெம்பினார். உள்ளே ஆறு பேட்டரி, புதுசு.

"பங்கிராசு, அன்னைக்கு இது இருந்துச்சா?"

"இல்லயே. வெறும் பள்ளந்தான். வீட்டுக்குள்ள எதுக்குப் பேட்டரின்னாரு."

ஏட்டு சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். அதிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"ரெண்டாவது பாட்டுக்கு முன்னால கடிகாரம் நின்னுருச்சு," என்றார் ஏட்டு. "நிறுத்தச் சொன்னவரே சொல்லிட்டாரு. அப்ப ரெண்டாவது பாட்டுல டிக் டிக்குன்னு எப்படிக் கேக்குது? இது ரெண்டாவது பாட்டு இல்ல. ஸ்பூல்ல இருந்த மொதப் பாட்டு. ஸ்பூலப் பிளக்குல ஓட்டி, வயர் போட்டுக் கேசட்டுல ஏத்தியிருக்காரு. ஒரே பிளக்கு; அதான் கேசட்டுக்குப் பேட்டரி. ஏத்தி முடிச்சுட்டு ஸ்பூல அழிச்சாச்சு. ஏம்யா, ஒம் பாட்டு என்னாச்சு?"

செல்லப்பாண்டி தரையைப் பார்த்தார். "மைக்குல சுவிச்சுப் போட மறந்துட்டேன். வியாழக்கெழம கேட்டா வெறும் கேசட்டு. தேனி பூராம் நம்ம மிஷின்னு பேரு... அதான்."

ஏசுதாசன் பங்கிராஸைப் பார்த்தான். "தெருவுக்கே கேக்கத் திட்டுனீக மாமா."

"ஆமாடா. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் தப்பு எம் பேர்லன்னு ஊருக்கே கேக்கச் சொல்றேன்." பங்கிராஸ் கேசட்டைப் பிடுங்கி எடுத்தார். "களவாணி மிஷின வெளிய தூக்குங்க. இத வேற பெட்டியில கேட்டுக்கிறேன்."

பக்கத்து வீட்டு மரிய ஜோசப்பின் டேப் ரிக்கார்டரை வாங்கி வந்து போட்டார்கள். ஜெயமேரியின் குரல் இழுத்து இழுத்து ஆம்பளைக் குரலாக வந்தது. பிலோமினா காதைப் பொத்திக்கொண்டார்.

ஏசுதாசன் குனிந்து கேட்டான். "இவரு பூட்டுன மிஷினு வேகமா ஓடுது மாமா. அதுல ஏத்துனது அதுலதான் சரியாப் பாடும்."

நல்ல மிஷின் எதுவென்று இப்போது எல்லாருக்கும் தெரியும். மகள் இருப்பதோ மற்றதில்.

"ஏட்டையா, இவர டேசனுக்குக் கூட்டிட்டுப் போறீகளா?"

"எழுதிக் குடுத்தா மிஷினும் கேசட்டும் சாட்சிப் பொருளா வந்துரும். எப்பத் திரும்பும்னு எனக்கே தெரியாது."

"அப்ப வேணாம்." பங்கிராஸ் செல்லப்பாண்டியிடம் திரும்பினார். "பெட்டிய வச்சுட்டுப் போ. வெலையத் தாரேன்."

"மொதலாளி..."

"பேசாத. திருப்புளி வச்சிருக்கேல்ல? பதியுற செவப்புப் பொத்தானக் கழட்டி எங் கையில குடு. இனி எவனும் எம் மக குரல அழிக்கக்கூடாது."

செல்லப்பாண்டி பையிலிருந்து திருப்புளியை எடுத்து, மிஷினுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.