பொறுப்பு... ஒரே ஒரு நாளைக்கு!

செத்தவனின் சட்டைப் பையில் போன் அடித்தது!

காலை பத்தே முக்கால். ஐஸ் ஃபேக்டரியின் இயந்திர அறையிலிருந்து தீயணைப்பு ஆட்கள் ஆபரேட்டரை வெளியே தூக்கி வந்து, முற்றத்து சிமெண்டுத் தரையில் கிடத்தி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காற்றில் இன்னும் அமோனியா நெடி. கண்ணைத் திறந்தாலும் எரிந்தது. மூடினாலும் எரிந்தது.

இன்ஸ்பெக்டர் குனிந்து போனை எடுத்தாள். திரையில் 'மேனேஜர்' என்று வந்தது.

காதில் வைத்தாள். பேசவில்லை.

"டேய், வாட்ச்மேன் இப்பதான் விஷயத்தைச் சொன்னான். யார் வந்து கேட்டாலும் நான் இன்னிக்கு லீவு... ஸ்டோர்கீப்பர்தான் பொறுப்பு! அதை மட்டும் சொல்லு. மத்ததுக்கு வாயைத் தொறக்காதே. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. இனிமே அவர் வாயைத் தொறக்க மாட்டார். அதுக்கு நான் கேரண்டி."

"யா... யாருங்க?"

"போலீஸ்."

டொக்!

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எத்தனை பேருக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டானா பாருங்க ஏட்டு!"

"எப்படி மேடம் கேப்பாரு? லீவுல இருக்கிறவரு வேலை விஷயம் பேசலாமா?"

ஏட்டுக்கு இருபத்தெட்டு வருட சர்வீஸ். வாய் அதைவிடச் சீனியர். மற்ற நாளாயிருந்தால் அவள் சிரித்திருப்பாள். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் தையல் யூனிட். அங்கே வேலை பார்த்த இருபத்து மூன்று பெண்கள் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஃபேக்டரியில் அபாய சைரன் இருந்தது. அது அடிக்கவே இல்லை.

ஏன்? யார் பதில் சொல்வது?

தன் போனை எடுத்து ஒவ்வொரு ஆபீஸாகக் கேட்டாள்.

"லைசென்ஸ் நாங்க குடுத்ததுதாங்க. ஆனா அமோனியா கேஸ் எங்க சப்ஜெக்ட் இல்லையே..."

"கேஸ் எங்க சப்ஜெக்ட்தான். ஆனா அது காம்பவுண்டைத் தாண்டி வெளிய வந்தாத்தான்."

"வந்துடுச்சு சார்! இருபத்து மூணு பேர் ஆஸ்பத்திரில!"

"அடடா... அப்ப அது சுகாதாரத்துறை."

சுகாதாரத்துறையில் ஒரு குரல், "பேஷண்ட் பேரு, வயசு?" என்றது.

போனைப் பைக்குள் போட்டாள். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே... இங்கே ஒரு கூடை மீனும் நழுவிக்கொண்டிருந்தது!

பன்னிரண்டு மணிக்கு மேனேஜர் வந்தார். கூடவே வக்கீல். மேனேஜர் கையில் ஒரு கைக்குட்டை. ஆபரேட்டர் கிடந்த இடத்தைப் பார்த்து இரண்டு முறை கண்ணைத் துடைத்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

வக்கீல் ஒரு தாளை நீட்டினார்.

"மேனேஜர்தான் இங்க பாதுகாப்பு அதிகாரியும். ஆனா இன்னிக்கு ஒரு நாள் லீவு. காலைல எட்டு மணியிலேர்ந்து ராத்திரி பன்னெண்டு வரைக்கும் ஸ்டோர்கீப்பரைப் பாதுகாப்பு அதிகாரியா, பொறுப்புல நியமிச்சிருக்கார். ஸ்டோர்கீப்பர் கையெழுத்தும் இருக்கு. விபத்து நடந்தப்ப பொறுப்புல இருந்தவர்தான் சட்டப்படி பதில் சொல்லணும். சரிதானே?"

"நட்டு போல்ட்டு எண்ணிக்கிட்டிருந்த மனுஷன் சார் அவரு!"

"எண்ணத் தெரிஞ்சவருக்குப் படிக்கவும் தெரிஞ்சிருக்கணும் மேடம்."

அறைந்துவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. அடக்கிக்கொண்டாள்.

"சரி. மேனேஜர் ரூமைத் திறங்க. பார்க்கணும்."

மேனேஜரின் கை சட்டென்று பேண்ட் பாக்கெட்டுக்குள் போனது. சாவி அங்கேதான்!

"வாரண்ட் இருக்கா?" என்றார் வக்கீல்.

"நாளைக்கு வாங்கிடுவேன்."

"அப்ப நாளைக்கு வாங்க!"

நாளைக்கு அந்த அறையில் தூசிகூட மிஞ்சாது. அது அவளுக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். அவள் பூட்டை உடைக்கலாமா என்று யோசிக்கும்போதே மேலதிகாரியின் போன் வந்தது.

"அந்த ரூம் பக்கம் போகாதேம்மா. பேப்பர் தெளிவா இருக்கு. ஸ்டோர்கீப்பரை அஞ்சு மணிக்குள்ள நீதிபதி முன்னால நிறுத்திடு."

"சார், அந்த ஆளு அப்பாவி..."

"அப்பாவிக்கு ஜாமீன் கிடைக்கும். அஞ்சு மணி!"

அவள் அந்த அறைக்குள் போகவில்லை; வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்களைக் காவலுக்கு நிறுத்திவிட்டுக் கிளம்பினாள். மணி ஒன்று.

ஆஸ்பத்திரியில் ஸ்டோர்கீப்பர் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். கட்டில் காலோடு சேர்த்து ஒரு கையில் விலங்கு; அதுவும் மேலதிகாரி உத்தரவுதான். ஸ்டூலில் அவர் மனைவி. இன்ஸ்பெக்டரைக் கண்டதும் எழுந்தாள்.

"ஏம்மா, வீட்டுல கேஸ் ஸ்டவ் பத்த வைக்கவே என்னைக் கூப்பிடுற மனுஷன்மா இவரு! இவரா பாதுகாப்பு அதிகாரி? உங்களுக்கே இது நல்லா இருக்கா?"

"நல்லா இல்லம்மா," என்றாள் இன்ஸ்பெக்டர். வெட்கமாக இருந்தது.

ஸ்டோர்கீப்பர் குழாயை ஒதுக்கிவிட்டுப் பேசினார்.

"காலைல கையுறை இறக்கிட்டிருந்தேன்மா. ஒரு பேப்பர் வந்துச்சு. கையெழுத்து போடச் சொன்னாங்க, போட்டேன். பத்து மணிக்கு வால்வு பிச்சுக்கிச்சு. சைரன் ஸ்விட்சு மேனேஜர் ரூம்ல... பூட்டு! வேற என்ன பண்ண? ஸ்பேனரை எடுத்துட்டு ஓடினேன். தையல் யூனிட்டு தகரக் கதவுல தட்டு தட்டுன்னு தட்டினேன். எல்லாரும் வெளிய வந்துட்டாங்க..."

நிறுத்தினார். இருமினார்.

"திரும்பி உள்ள போனேன். ஆபரேட்டர்கிட்ட மட்டும் என்னால போக முடியல. பாவம்மா அவன். வால்வு தாங்காதுன்னு ஏழு லெட்டர் எழுதிக் குடுத்தவன்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தாள்.

"ஏழா? அந்த லெட்டரெல்லாம் எங்கே?"

"மேனேஜர் ரூம்லதான். எல்லாம் அந்த ரூம்லதான்மா!"

மறுபடியும் அந்தப் பூட்டு! எரிச்சலில் நியமன உத்தரவை எடுத்து இன்னொரு முறை படித்தாள். ஆபீஸ்களில் காலங்காலமாக அச்சடித்து, ஊர் பேரையும் ஆள் பேரையும் மட்டும் மாற்றுவார்களே... அந்தப் பழைய படிவம்தான். எழுதியவர்கூட முழுதாகப் படித்திருக்க மாட்டார்.

கடைசி வரியில் அவள் கண் நின்றது.

ஒருமுறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"ஏட்டு! ஒரு வெள்ளைப் பேப்பர்! சீக்கிரம்! அந்த விலங்கையும் கழட்டுங்க... சார் எழுதணும்!"

"எந்த சார் மேடம்?"

"ஸ்டோர்கீப்பர் சார்!"

மணி மூன்றரை. ஃபேக்டரி. மேனேஜரும் வக்கீலும் அறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜரின் காலடியில் ஒரு காலி அட்டைப்பெட்டி. கான்ஸ்டபிள்கள் கிளம்புவதற்காகக் காத்திருந்தது!

"என்ன மேடம், வாரண்டா?"

"இல்ல சார். அனுமதி."

"யாரோட அனுமதி?"

"இந்த ஃபேக்டரியோட பாதுகாப்பு அதிகாரியோட அனுமதி. தன்னோட ஆபீஸ் ரூமைத் திறந்து சோதனை போடச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கார்."

வக்கீல் சிரித்தார்.

"அந்த ஸ்டோர்கீப்பரா? அவருக்கு என்ன அதிகாரம் இருக்கு?"

"நீங்க குடுத்ததுதான்." உத்தரவை விரித்தாள். "கடைசி வரி... 'பொறுப்புகளுடன் அப்பதவிக்குரிய அதிகாரங்கள் அனைத்தும் அவரைச் சாரும்.' கீழே மேனேஜர் சார் கையெழுத்து. அழகான கையெழுத்து!"

மேனேஜர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தாளைப் பார்த்தார்.

"இது... இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்காக..."

"அப்படியா? அப்ப இந்த உத்தரவு சும்மாவா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உத்தரவு செல்லாதுன்னா ஸ்டோர்கீப்பர் அதிகாரி இல்ல. வால்வு வெடிச்சப்ப மேனேஜர்தான் அதிகாரி. இப்பவே அரெஸ்ட்! உத்தரவு செல்லும்னா... சாவியைக் குடுங்க!"

மேனேஜரின் கை மறுபடியும் பேண்ட் பாக்கெட்டுக்குள் போனது.

"எது சார்? செல்லுமா? செல்லாதா?"

வக்கீலின் நெற்றியில் வியர்வை. மெல்ல, "செல்லும்..." என்றார்.

ஏட்டு கையை நீட்டினார். சாவி வந்தது!

உள்ளே போய்ச் சேர ஐந்து விநாடி. கண்டுபிடிக்க ஐந்து நிமிடம். சைரன் ஸ்விட்சின் வயர் வெட்டப்பட்டு, முனையில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. இழுப்பறையில் ஏழு கடிதங்கள். தேதி வாரியாக, ஒரே நூலில் கட்டியபடி.

ஏழாவது கடிதம் நேற்றையது.

'வால்வு நாளைய தினத்தைத் தாண்டாது ஐயா. இயந்திரத்தை நிறுத்த உத்தரவு தரவும்.'

ஓரத்தில் ஆபீஸ் முத்திரை. மாலை நாலரை. 'பார்த்தேன்' என்று மேனேஜரின் கையெழுத்து.

அதற்கு அடுத்த தாள் அவருடைய லீவு லெட்டர். முத்திரை... மாலை நாலே முக்கால்!

இன்ஸ்பெக்டர் இரண்டு தாளையும் மேனேஜர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பதினஞ்சு நிமிஷம்! மெஷினை நிறுத்துன்னு ஒரு வரி எழுத வேண்டிய நேரத்துல நீ லீவு எழுதியிருக்கே! வெடிக்கும்னு தெரிஞ்சு, மாட்டிக்கிறதுக்கு ஒரு ஆளைத் தேடியிருக்கே!"

வக்கீல் தன் பையை எடுத்துக்கொண்டு ஓரடி தள்ளி நின்றார்.

"ஏட்டு, இவரை ஜீப்புல ஏத்துங்க. அஞ்சு மணிக்கு நீதிபதி முன்னால ஒருத்தரை நிறுத்தறதா சொல்லியிருக்கேன்."

ஏழு கடிதம் எழுதியும் ஒருவன் செத்துவிட்டான். எட்டாவதாக அவள் எழுதப்போகும் அறிக்கை அவனை எழுப்பாது. அந்த ஆத்திரம் ஜீப் ஏறிய பிறகும் அவளுக்கு அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். ஸ்டோர்கீப்பரின் மனைவி எடுத்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு விம்மினாள். பிறகு போனைக் கணவரிடம் கொடுத்தாள்.

"அம்மா... ஒரு சந்தேகம். ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் நான்தானே அதிகாரி?"

"ஆமா சார். நீங்கதான்."

"அப்ப இன்னொரு பேப்பர் குடுத்தனுப்புங்கம்மா... மேனேஜரோட லீவை நீட்டிச்சு ஒரு உத்தரவு போடணும். எத்தனை வருஷம்னு மட்டும் அந்த நீதிபதியைக் கேட்டுச் சொல்லுங்க!"